ஆர்டிஎக்ஸ் 3060-ஆ, 4060-ஆ? கேமிங் கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

"புதுசு வந்தாச்சுல்ல... அப்புறம் எதுக்குப் பழசு?"

கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பும்போது பலருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது. செல்போன், டி.வி என்றால் யோசிக்காமல் தலையாட்டிவிடலாம். கிராபிக்ஸ் கார்டில் அது சரிப்படாது. பெயரில் இருக்கும் எண் கூடும்போது சில விஷயங்கள் கூடும். சில விஷயங்கள் சத்தமில்லாமல் குறைந்தும்போகும். கேமிங் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அதிக விலை கொடுத்து வாங்கும் பாகமே இதுதான். முதல் சம்பளத்தில் வாங்குபவராக இருந்தாலும் சரி, பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோராக இருந்தாலும் சரி, பணத்தைக் கொடுக்கும் முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டு கார்டுகளைவிடச் சிறந்த ஜோடி கிடையாது. நடுத்தர பட்ஜெட் கேமர்களிடம் அதிகம் புழங்குபவை இவைதான். கேம் விற்பனைத் தளமான ஸ்டீம் மாதாமாதம் வெளியிடும் கணக்கெடுப்பிலும் இரண்டும் முன்வரிசையில் இருந்துவருகின்றன. 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 வந்த பிறகும், இந்த இரண்டுக்கும் இடையிலான பஞ்சாயத்து ஓயவில்லை. ஏன் ஓயவில்லை என்பதையும் பார்ப்போம்.

முதலில் இரண்டின் ஜாதகம்!

வெளியான நாள்: 3060 - 2021 பிப்ரவரி 25, 4060 - 2023 ஜூன் 29

அமெரிக்க அறிமுக விலை: 3060 - 329 டாலர், 4060 - 299 டாலர்

கோர்களின் எண்ணிக்கை: 3060 - 3,584, 4060 - 3,072

பூஸ்ட் வேகம்: 3060 - 1.78 கிகாஹெர்ட்ஸ், 4060 - 2.46 கிகாஹெர்ட்ஸ்

வீடியோ மெமரி: 3060 - 12 ஜிபி, 4060 - 8 ஜிபி

மெமரிப் பாதையின் அகலம்: 3060 - 192 பிட், 4060 - 128 பிட்

மெமரியின் வேகம்: 3060 - நொடிக்கு 360 ஜிபி, 4060 - நொடிக்கு 272 ஜிபி

எல்2 கேஷ்: 3060 - 3 எம்பி; 4060 - 24 எம்பி

மின்தேவை: 3060 - 170 வாட், 4060 - 115 வாட்

மதர்போர்டு இணைப்பு: 3060 - பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0, 16 தடங்கள். 4060 - பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0, 8 தடங்கள்

பட்டியலைப் பார்த்தவுடனேயே, "என்னங்க இது... புதுசுல கோர் கம்மி, மெமரி கம்மி, பாதையும் குறுகல். அப்புறம் எப்படி இது முன்னேற்றம்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி.

கோர் குறைந்தும் வேகம் கூடியது எப்படி?

கிராபிக்ஸ் கார்டை ஒரு கல்யாண வீட்டுச் சமையல்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்கள்தான் சமையல்காரர்கள். வீடியோ மெமரி என்பது, காய்கறியும் பாத்திரமும் பரப்பிவைக்கும் மேடை. எல்2 கேஷ் என்பது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி.

3060-ல் 3,584 பேர் சமைக்கிறார்கள். 4060-ல் 3,072 பேர்தான். ஆனால், இவர்களின் கை வேகம் அதிகம். கோர் எண்ணிக்கையைப் பூஸ்ட் வேகத்தால் பெருக்கிப் பாருங்கள். 3060-க்கு 3,584 x 1.78 என்றால் சுமார் 6,380. 4060-க்கு 3,072 x 2.46 என்றால் சுமார் 7,560. ஆள் குறைந்தும் வேலை 18 சதவிகிதம் அளவுக்குக் கூடிவிட்டது. 3060 சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் தயாரானது. 4060 தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 4என் என்ற நவீன முறையில் தயாரானது. குறைந்த மின்சாரத்தில் அதிக வேகத்தை எட்ட முடிந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

மெமரிப் பாதை குறுகியதை ஈடுகட்டத்தான் அஞ்சறைப் பெட்டியைப் பெரிதாக்கினார்கள். 3 எம்பி-யிலிருந்து 24 எம்பி. அதாவது 8 மடங்கு. கடுகும் சீரகமும் பக்கத்திலேயே இருந்தால், ஒவ்வொரு தாளிப்புக்கும் எழுந்துபோய் மேடையில் தேட வேண்டியதில்லை அல்லவா? அதேபோல, அடிக்கடி தேவைப்படும் தகவல்கள் கேஷிலேயே கிடைத்துவிடுவதால், மெமரிக்குப் போய்வரும் நடை குறைகிறது.

இதன் பலன் என்ன? 4060 வெளியானபோது, கூடுதல் ஃப்ரேம்களை உருவாக்கும் வசதியைச் சேர்க்காமல் பார்த்தால், 3060-ஐவிட சராசரியாக 20 சதவிகிதம் வேகம் என்று என்விடியாவே சொன்னது. 3060-ல் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேம், 4060-ல் சுமார் 72 ஃப்ரேம் ஓடும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு பழைய கார்டைக் கழற்றி எறியும் அளவுக்குப் பெரிய பாய்ச்சல் என்று சொல்ல முடியாது.

8 ஜிபி-யா, 12 ஜிபி-யா... எங்கே இடிக்கிறது?

இப்போது மேடைக்கு வருவோம். கேம் ஓடும்போது சுவர், மரம், முகம், உடை என எல்லாவற்றின் மேல்பூச்சுப் படங்களும் வீடியோ மெமரியில்தான் உட்கார வேண்டும். இவற்றை டெக்ஸ்ச்சர் என்பார்கள். மேடையில் இடம் இருக்கும்வரை 8 ஜிபி-க்கும் 12 ஜிபி-க்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. 5 ஜிபி மட்டும் கேட்கும் கேமில், 12 ஜிபி கார்டின் மீதி 7 ஜிபி சும்மாதான் கிடக்கும். அங்கே வேகமான 4060-தான் ஜெயிக்கும்.

மேடை நிரம்பிய பிறகுதான் சிக்கல். மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் வைத்து, தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டு வழியாக எடுத்துவர வேண்டும். சமையலுக்கு நடுவே தெருமுனை மளிகைக் கடைக்கு ஓடுவதுபோல! 4060 தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 272 ஜிபி எடுக்கும். மதர்போர்டு வழியாக என்றால், அதிகபட்சம் நொடிக்கு 16 ஜிபி அளவுக்குத்தான் எடுக்க முடியும். சமையல்காரர் எவ்வளவு வேகமானவராக இருந்தால் என்ன? கடைக்குப் போனவர் திரும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

திரையில் இது திணறலாகத் தெரியும். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால், ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். எல்லா ஃப்ரேமும் ஒழுங்காக வந்து, நடுவில் ஒன்று மட்டும் 80 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டால், காட்சி வெட்டி வெட்டி ஓடும். ஆனால், சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். அதனால்தான், யூடியூபில் ஒப்பீட்டு வீடியோ பார்க்கும்போது சராசரியோடு நிறுத்திக்கொள்ளாமல் '1 சதவிகித லோ' என்ற எண்ணையும் பாருங்கள். மிக மெதுவாக வந்த 1 சதவிகித ஃப்ரேம்களின் கணக்கு அது. உங்கள் கண்ணுக்கு உறுத்துவது அந்த 1 சதவிகிதம்தான்.

நிஜ உதாரணம் வேண்டுமா? 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கம்ப்யூட்டருக்கு வந்தபோது, உயர்ந்த அமைப்புகளில் 8 ஜிபி கார்டுகள் திண்டாடின. அடுத்தடுத்த அப்டேட்களில்தான் நிலைமை சீரானது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' கேமில், டெக்ஸ்ச்சருக்கு எவ்வளவு மெமரி ஒதுக்குவது என்று தேர்வு செய்யும் 'டெக்ஸ்ச்சர் பூல்' அமைப்பு இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால் 4060-ல் கேம் அருமையாக ஓடும். மேலே ஏற்றினால், 8 ஜிபி நிரம்பி வேகம் படுத்துவிடும். அதே இடத்தில், வயதில் மூத்த 3060 தாக்குப்பிடிக்கும்.

ஆக, வேகம் வேண்டுமென்றால் புதுசு, இடம் வேண்டுமென்றால் பழசு. இந்த இரண்டு கார்டுகளுக்கும் நடுவே இருக்கும் விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம், உங்களுக்கு எது அதிகம் தேவை என்பதைக் கண்டுபிடிக்கும் வேலை.

ஏன் 8 ஜிபி மட்டும் கொடுத்தார்கள்?

இதில் கொஞ்சம் கணக்குப் பாடம் இருக்கிறது. ஒவ்வொரு மெமரி சிப்பும் 32 பிட் பாதையைப் பிடித்துக்கொள்ளும். 3060-ன் 192 பிட் பாதையில் 6 சிப்கள் உட்காரும். 1 ஜிபி சிப் வைத்தால் 6 ஜிபி, 2 ஜிபி சிப் வைத்தால் 12 ஜிபி. ஆறு போதாது என்பதால் பன்னிரண்டைக் கொடுத்தார்கள். 4060-ன் 128 பிட் பாதையில் 4 சிப்கள்தான். 2 ஜிபி சிப் வைத்தால் 8 ஜிபி. அதனால்தான் தலைமுறை ஏறியும் மெமரி இறங்கியது.

5060-க்கும் இதே கதைதான். ஜிடிடிஆர்7 என்ற புதிய மெமரியால் வேகம் நொடிக்கு 448 ஜிபி-யாக ஏறியது. கோர்களும் 3,840 ஆகின. மெமரி மட்டும் அதே 8 ஜிபி. மேடைக்குப் போய்வரும் வேகம் கூடியதே தவிர, மேடை பெரிதாகவில்லை. அதனால்தான் '3060-ல 12 ஜிபி இருந்துச்சே' என்ற பேச்சு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஃப்ரேம் ஜெனரேஷன்... நிஜ வேகமா, கண்கட்டு வித்தையா?

4060-ன் விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்பட்டது இந்த வசதி. கார்டு இரண்டு ஃப்ரேம்களை வரைந்துவிட்டு, அவற்றுக்கு நடுவே வர வேண்டிய ஒன்றை ஏஐ உதவியுடன் தானே உருவாக்கிச் செருகும். இதையும் சேர்த்தால் 3060-ஐவிட 70 சதவிகிதம் வேகம் என்றது என்விடியா. 'சைபர்பங்க் 2077' போன்ற கனமான கேம்களில் இதன் பலனைக் கண்ணாரப் பார்க்கலாம். 3060-க்கு என்விடியாவின் இந்த வசதி கிடையாது.

ஆனால், மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, செருகப்பட்ட ஃப்ரேமால் காட்சி வழுவழுப்பாகும். மவுஸை அசைத்ததும் திரையில் எதிரொலிக்கும் நேரம் குறையாது, கொஞ்சம் கூடவே செய்யும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம் ஆடுபவர்களுக்கு இதனால் லாபமில்லை. இரண்டு, ஏற்கெனவே 50, 60 ஃப்ரேம் வரும் கேமில்தான் இது நன்றாக வேலை செய்யும். 25 ஃப்ரேமில் தவழும் கேமை இது காப்பாற்றாது. மூன்று, இந்த வசதிக்கே கொஞ்சம் வீடியோ மெமரி தேவை. 8 ஜிபி-யில் அதற்கும் பங்கு போட வேண்டும்.

3060 வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் வசதி, எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் உண்டு. 2025 ஜனவரியில் வந்த அதன் மேம்பட்ட மாடலும் 3060-ல் ஓடும். போட்டி நிறுவனமான ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் 3 ஃப்ரேம் ஜெனரேஷனை, அதை ஆதரிக்கும் கேம்களில் 3060-லும் பயன்படுத்தலாம்.

மானிட்டரும் மதர்போர்டும் என்ன சொல்கின்றன?

கார்டைத் தனியாகப் பார்த்தால் பாதிக் கணக்குதான். மீதி, உங்கள் மேஜை மேலேயே இருக்கிறது.

மானிட்டர்: 1080பி திரையில் இருப்பவை சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். 3060, 4060 இரண்டுமே அடிப்படையில் 1080பி கார்டுகள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு 3060 தரும் 65 ஃப்ரேமும் 4060 தரும் 78 ஃப்ரேமும் ஏறக்குறைய ஒன்றுதான். திரையால் நொடிக்கு 60 முறைக்கு மேல் காட்ட முடியாதே! அவர் மிச்சப் பணத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால், வித்தியாசம் உடனே கண்ணுக்குத் தெரியும்.

மதர்போர்டு: 4060-க்கு 8 தடங்கள்தான். உங்கள் மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டும் இருந்தால், அந்த 8 தடங்களின் வேகமும் பாதியாகி, நொடிக்கு 8 ஜிபி அளவுக்கு வந்துவிடும். இன்டெல் 10-வது தலைமுறை வரையிலான கம்ப்யூட்டர்களும், ஏஎம்டி-யின் பி450 போர்டுகளும் இந்த வகை. மெமரி நிரம்பாதவரை இழப்பு சொற்பம்தான். நிரம்பிவிட்டால், மளிகைக் கடைக்குப் போகும் தெருவே பாதியாகச் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். பழைய கம்ப்யூட்டரில் மாட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 16 தடங்கள் இருப்பதால், 3060-க்கு இந்த அடி பாதியாகக் குறையும்.

பிராசஸர்: வேலரன்ட் மாதிரி லேசான கேம்களில் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசஸர்தான். பழைய பிராசஸருடன் எந்தக் கார்டை மாட்டினாலும் ஃப்ரேம் எண்ணிக்கை பெரிதாக நகராது.

கரன்ட் பில்லில் எவ்வளவு வித்தியாசம்?

இரண்டுக்கும் இடையே 55 வாட் வித்தியாசம். தினமும் 3 மணி நேரம் முழு வேகத்தில் விளையாடினால் ஒரு நாளைக்கு 165 வாட் மணி. வருஷத்துக்குச் சுமார் 60 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், பில்லுக்கு 10 யூனிட். இதற்காக மட்டும் கார்டை மாற்றுவது அர்த்தமில்லாத வேலை.

ஆனால், வாட் குறைந்தால் வெப்பமும் குறையும். ஏ.சி இல்லாத அறையில், சித்திரை வெயிலில் விளையாடுபவருக்கு 170 வாட் கார்டு பக்கத்தில் ஒரு சின்ன ஹீட்டர் மாதிரிதான். 4060-ல் விசிறிச் சத்தமும் பொதுவாகக் குறைவு. பவர் சப்ளையைப் பொறுத்தவரை, இரண்டுக்குமே 550 வாட் யூனிட்டைத்தான் என்விடியா பரிந்துரைக்கிறது. கேபினெட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத பவர் சப்ளையை நம்பி எந்தக் கார்டையும் மாட்டிவிடாதீர்கள்.

லேப்டாப் வாங்குபவர்கள் கவனிக்க!

இதுவரை சொன்ன மெமரிக் கணக்கு லேப்டாப்பில் அப்படியே தலைகீழ். லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 6 ஜிபி-தான். லேப்டாப் 4060-க்கு 8 ஜிபி. அதாவது, அங்கே வேகம், இடம் இரண்டிலுமே புதியதுதான் மேல். கடையில் "3060-க்கு 12 ஜிபி சார்" என்று யாராவது சொன்னால், அது டெஸ்க்டாப் கார்டைப் பற்றிய தகவல்.

இன்னொன்று. ஒரே லேப்டாப் 4060 சிப்புக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் தருவது என்பதை லேப்டாப் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். மெல்லிய லேப்டாப்பில் இருக்கும் 4060-ம், தடிமனான கேமிங் லேப்டாப்பில் இருக்கும் 4060-ம் ஒரே வேகத்தில் ஓடாது. வாங்கும் முன் 'டிஜிபி எத்தனை வாட்?' என்று கேளுங்கள். பதில் தெரியாத கடைக்காரரிடம் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் 3060... என்னென்ன பார்க்க வேண்டும்?

3060 இப்போது அதிகம் கைமாறுவது செகண்ட் ஹேண்ட் சந்தையில்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ பழைய கார்டு வாங்குவதென்றால், அதன் கடந்த காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

3060 வெளியான 2021-ல், எத்தீரியம் என்ற கிரிப்டோ கரன்சியை 'மைனிங்' செய்ய உலகம் முழுக்க கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கேமர்களுக்குக் கார்டே கிடைக்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியது. அதன்பின், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து கொட்டின. "3060-ல மைனிங்குக்கு லாக் இருக்குங்க, அதுல யாரும் மைனிங் பண்ணிருக்க மாட்டாங்க" என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். லாக் இருந்தது உண்மை. ஆனால், 2021 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட ஒரு சோதனை டிரைவரே அதைத் தவறுதலாகத் திறந்துவிட்டது என்பதும் உண்மை.

மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே குப்பை என்று ஒதுக்க வேண்டியதில்லை. விசிறியும் தெர்மல் பேஸ்ட்டும்தான் அதிகம் தேய்ந்திருக்கும். கையில் வாங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

* ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, மெமரி 12 ஜிபி, பாதை 192 பிட் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்றும் பின்னாளில் வந்தது. அது வேகத்திலும் குறைவு, இடத்திலும் குறைவு. 3060-ஐத் தேடுவதற்கான காரணமே அதில் இல்லை.

* கனமான ஒரு கேமையோ பெஞ்ச்மார்க்கையோ 15, 20 நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள் தெரிகின்றனவா, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா என்று கவனியுங்கள்.

* எல்லா விசிறிகளும் ஆடாமல், கரகரக்காமல் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். கார்டில் இருக்கும் ஒவ்வொரு போர்ட்டிலும் கேபிளைச் செருகிச் சோதியுங்கள்.

* பில்லையும் சீரியல் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவில் பல பிராண்டுகள் 3 வருஷ வாரன்ட்டி தருகின்றன. 2021-ல் வாங்கிய கார்டுக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். வாரன்ட்டி இல்லாத கார்டுக்குப் புதுசுக்கு நெருக்கமான விலை கொடுப்பது நஷ்டம்.

"எங்கிட்ட இன்னும் ஜிடிஎக்ஸ் 1060-தான் இருக்கு!"

2016 ஜூலையில் வந்த அந்தக் கார்டு, பல வருஷம் ஸ்டீம் கணக்கெடுப்பில் முதலிடத்தில் இருந்தது. நன்றாக உழைத்த கார்டு. ஆனால், அதற்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. அதில் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் இல்லை. 'இண்டியானா ஜோன்ஸ்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்ற கேம்கள் அந்த வன்பொருள் இல்லாமல் ஓடாது. புதிய கேம்களுக்கான டிரைவர் அப்டேட்களையும் அந்தத் தலைமுறைக்கு 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும்.

1060-லிருந்து வருபவருக்கு 3060, 4060 இரண்டில் எதை வாங்கினாலும் பெரிய பாய்ச்சல்தான். ஆக, எது சிறந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், வாரன்ட்டியோடு நல்ல விலைக்கு எது கிடைக்கிறதோ அதை வாங்கலாம்.

உங்களுக்குத் தேவை வேகமா, இடமா... வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

ஏற்கெனவே ஏதோ ஒரு கார்டு வைத்திருப்பவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. நீங்கள் அதிகம் ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். அப்படியே விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு-வைத் தேர்வு செய்யுங்கள்.

ஜிபியு பயன்பாடு 95 சதவிகிதத்துக்கு மேல், டெடிகேட்டட் மெமரியில் இன்னும் இடம் பாக்கி என்றால், உங்களுக்குத் தேவை வேகம். புதிய கார்டு பலன் தரும்.

டெடிகேட்டட் மெமரி விளிம்புவரை நிரம்பி, ஷேர்டு மெமரி ஏறிக்கொண்டே போய், கேம் திணறினால், உங்களுக்குத் தேவை இடம். முதலில் டெக்ஸ்ச்சர் தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். அதிலேயே திருப்தி என்றால் செலவே இல்லை. இல்லையென்றால் 12 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட கார்டைத் தேடுங்கள்.

ஜிபியு பயன்பாடு 50, 60 சதவிகிதத்திலேயே நின்றுகொண்டு, ஃப்ரேமும் ஏறவில்லை என்றால், பிரச்னை பெரும்பாலும் பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது. இவர்கள் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் பணம் போகும், ஃப்ரேம் வராது.

கடைசியாக, யாருக்கு எது?

3060 12 ஜிபி ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 4060-க்கு மாற வேண்டாம். 20 சதவிகித வேகத்துக்காக 4 ஜிபி இடத்தை இழப்பது நல்ல வியாபாரம் இல்லை. இரண்டு படி தாண்டிப் போக முடிந்தால் மட்டும் மாறுங்கள்.

புதிதாக 1080பி கேமிங் கம்ப்யூட்டர் அமைப்பவர், டெக்ஸ்ச்சரை 'ஹை'யில் வைத்தாலே போதும் என்பவர், சூடும் சத்தமும் குறைவாக வேண்டும் என்பவர் ஆகியோருக்கு 4060 நல்ல தேர்வு. கேம் விளையாடுவதை யூடியூபில் லைவ் ஓட்டுபவர்களுக்கும் 4060-தான் வசதி. ஏவி1 என்ற புதிய வீடியோ முறையில் பதிவு செய்யும் வசதி அதில் உண்டு. 3060-ல் அந்த வகை வீடியோவைப் பார்க்க முடியும், பதிவு செய்ய முடியாது. ஆனால், 4060-க்குக் கேட்கும் விலைக்கே 5060 கிடைத்தால், 5060-ஐ எடுங்கள்.

பழைய மதர்போர்டில் மாட்டுபவர், கேம்களில் மோட் போட்டு டெக்ஸ்ச்சரை ஏற்றுபவர், விளையாட்டோடு பிளெண்டரில் அனிமேஷன், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏஐ படங்கள் என்று பரிசோதனை செய்பவர் ஆகியோருக்கு 3060 12 ஜிபி இன்றும் கைகொடுக்கும். புது கார்டில்தான் 12 ஜிபி வேண்டும் என்பவர்கள், 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580-ஐயும் பாருங்கள். ஆனால், 'ரீசைஸபிள் பார்' வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டருக்கு அது சரிவராது.

எந்தக் கார்டைத் தேர்வு செய்தாலும், பில் போடும் முன் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் மெமரி அளவை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். 3060-ல் 8-ம் உண்டு, 12-ம் உண்டு. 4060 டிஐ, 5060 டிஐ இரண்டிலும் 8-ம் உண்டு, 16-ம் உண்டு. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. பணம் கொடுத்த பிறகு கண்டுபிடித்தால் கடைக்காரர் மாற்றித் தருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை!